அஞ்சு வருஷத்துல மூடின கல்கத்தா ஃபுட்பால் கிளப், அதோட கோப்பைய இங்கிலாந்தும் ஸ்காட்லாந்தும் இன்னும் ஆடிட்டு இருக்காங்க, கதை தெரிஞ்சவங்க சொல்லுங்க

எடின்பரோ_திண்டுக்கல்காரன்

எல்லாருக்கும் வணக்கம். நான் எடின்பரோல வேலை பாக்குறேன், வந்து ரெண்டு வருஷம் ஆச்சு. ஆபீஸ்ல கூட வேலை பாக்குறவங்க கூப்பிட்டாங்கன்னு இங்கிலாந்து ஸ்காட்லாந்து ரக்பி மேட்ச் பாக்க போயிருந்தேன், ரக்பி விதி எனக்கு பாதிக்கு மேல புரியல, ஆனா கூட்டத்தோட கூட்டமா கத்திட்டு இருந்தேன். மேட்ச் முடிஞ்சதும் கோப்பைய தூக்கி காட்டினாங்க. டிவில கிட்டக்க காட்டுறப்ப பாத்தா கைப்பிடி மூணும் படமெடுத்த நாகப்பாம்பு மாதிரி வளைஞ்சு இருக்கு, மூடி மேல ஒரு யானை நிக்குது. பேரு என்னன்னு கேட்டா கல்கத்தா கப்ங்கிறாங்க! எனக்கு ஒரு நிமிஷம் ஒண்ணும் ஓடல, நம்ம ஊரு கோயில் குத்துவிளக்கு பாத்திரம் மாதிரி ஒரு சாமான் இங்க இந்த குளிர்ல என்ன பண்ணுதுன்னு.

பக்கத்துல ஒரு பெரியவர், ஸ்காட்லாந்துக்காரர், "இது உங்க நாட்டுல இருந்து வந்ததுதானே, எப்படி வந்துச்சு சொல்லேன்"னு ஆசையா கேட்டாரு. எனக்கு பதில் தெரியல. அவரே கடைசில சொன்னது இவ்வளவுதான், கல்கத்தால வெள்ளைக்காரங்க ஒரு ஃபுட்பால் கிளப் வச்சிருந்தாங்க, அஞ்சு வருஷத்துல மூடிட்டாங்க, மிச்சம் இருந்த ரூபாய உருக்கி கோப்பை செஞ்சு அனுப்பிட்டாங்கன்னு. வீட்டுக்கு வந்ததுல இருந்து மண்டைக்குள்ள இதே தான் ஓடுது. ஃபுட்பால் கிளப்னா ஏன் ரக்பி கோப்பை? அஞ்சு வருஷத்துல மூடுற அளவுக்கு என்ன ஆச்சு? காசு மிச்சம் இருந்தும் ஏன் மூடினாங்க? நம்மாளுங்க யாராவது அதுல ஆடினாங்களா? தெரிஞ்சவங்க கொஞ்சம் விரிவா சொல்லுங்க, அடுத்த தடவை அந்த பெரியவரைப் பாத்தா நான் சொல்லணும்.

பழைய_மைதான்

தம்பி, நல்ல கேள்வி கேட்டீங்க. நான் கல்கத்தால 20 வருஷத்துக்கு மேல குடித்தனம் இருந்தவன், லேக் மார்க்கெட் பக்கம், காலைல மைதான்ல நடக்க போறது பழக்கம், அப்படி நடக்க ஆரம்பிச்சு தான் இந்த பழைய கதைங்க மேல எல்லாம் பித்து பிடிச்சது. தெரிஞ்சத சொல்றேன், கொஞ்சம் நீளமா போகும்.

மொதல்ல உங்க ஃபுட்பால் சந்தேகம். 1870கள்ல ஃபுட்பால்னு சொன்னா இன்னிக்கு நாம நினைக்கிற ஆட்டம் மட்டும் இல்ல. கால்ல மட்டும் உதைக்கிற ஆட்டத்துக்கு 1863ல ஒரு சங்கம் வந்துச்சு, கையில தூக்கிட்டு ஓடுற ஆட்டத்துக்கு 1871ல ரக்பி ஃபுட்பால் யூனியன் வந்துச்சு, ரெண்டு கூட்டமுமே தங்க ஆட்டத்த ஃபுட்பால்னு தான் சொல்லிக்கிட்டாங்க. கல்கத்தா ஃபுட்பால் கிளப் ரெண்டாவது கூட்டம். அதனால தான் கோப்பை ரக்பிக்கு போச்சு.

ஆரம்பம் 1872 கிறிஸ்துமஸ் அன்னிக்கு. கல்கத்தால இருந்த வெள்ளைக்காரங்க ரெண்டா பிரிஞ்சு ஒரு மேட்ச் ஆடினாங்க, ஒரு பக்கம் இங்கிலாந்துக்காரங்க 20 பேர், எதிர்ப்பக்கம் ஸ்காட்லாந்து, அயர்லாந்து, வேல்ஸ் மூணும் சேர்ந்து 20 பேர். ஆமா 20 பேர் தான், 15 பேர்ங்கிற கணக்கு பின்னால 1877 வாக்குல தான் சர்வதேச மேட்ச்சுக்கு வந்துச்சு. 40 ஆளு ஒரு பந்துக்கு ஒருத்தர் மேல ஒருத்தர் விழுந்து புரண்டிருக்காங்க. அது ரொம்ப பிடிச்சுப் போய் ஒரு வாரத்துக்குள்ள திரும்பவும் ஆடினாங்க. அந்த சூடு ஆறுறதுக்குள்ள 1873 ஜனவரில கிளப்பே ஆரம்பிச்சுட்டாங்க, உறுப்பினர் 137 பேர். அடுத்த வருஷம் 1874ல, நான் மேல சொன்ன ரக்பி ஃபுட்பால் யூனியன், லண்டன்ல இருந்தது, அதுலயும் சேர்ந்துட்டாங்க. கப்பல்ல லெட்டர் போயி பதில் வர்ற காலம் அது, அதுல ரெண்டு வருஷத்துக்குள்ள இவ்வளவு ஓட்டம்.

அப்புறம் ஏன் படுத்துச்சு? ஒரே காரணம் இல்ல தம்பி, ஒண்ணு மேல ஒண்ணு வந்துச்சு. ஆட்டத்துக்கு முதுகெலும்பா இருந்தது பட்டாளத்து ஆளுங்க, அதுல முக்கியமா பஃப்ஸ்னு சொல்ற கிழக்கு கென்ட் ரெஜிமென்ட். பட்டாளம்னா ஒரு ஊர்ல நிலையா இருக்காது, மாத்தல் வந்தா மூட்டை கட்டிடும், அவங்க போனதும் ஆளு குறைஞ்சு போச்சு. அந்த ஊரு வெயிலும் புழுக்கமும் உங்களுக்கு தெரியாதது இல்ல, ரக்பி ஆடணும்னா குளிர்கால மாசங்க தான், அந்த சின்ன இடைவெளிலயும் போட்டிக்கு வேற ஆட்டம் வந்துடுச்சு. கல்கத்தா போலோ கிளப் 1862லயே ஆரம்பிச்சது, குதிரை வச்சிருந்த துரைமாருக்கு அது கௌரவம். 1874க்கு அப்புறம் புல்வெளி டென்னிஸ் புது மோகமா பரவுச்சு, அதுக்கு 40 பேர் வேண்டாம், ரெண்டு பேர் போதும், கை கால் உடையாது, பெண்களும் ஆடலாம்.

அப்புறம் எல்லாரும் சொல்லி சிரிக்கிற காரணம், ஆனா நான் அத உண்மையாவே பெரிய காரணமா நினைக்கிறேன். கிளப்ல உறுப்பினருங்களுக்கு இலவசமா மது ஊத்திட்டு இருந்தாங்க, அத நிறுத்தினதும் உறுப்பினர் எண்ணிக்கை சரசரன்னு இறங்கிடுச்சு. 137 பேர்ல எத்தனை பேர் ஆட வந்தாங்க எத்தனை பேர் சாயங்காலம் உக்காந்து பேச வந்தாங்கன்னு யோசிச்சுப் பாத்தா புரியும். எந்த சங்கத்துலயும் நடக்குறது தான, எங்க கல்கத்தா தமிழ் சங்கத்துலயே கூட்டத்துக்கு காபி பலகாரம் நிறுத்தின மாசம் நாற்காலி காலியா கிடந்தத நான் கண்ணால பாத்திருக்கேன்.

இங்க தான் அந்த கிளப் மத்த கிளப்புங்க மாதிரி இல்லாம போச்சு. அப்ப கேப்டன், செயலாளர், பொருளாளர் மூணு வேலையும் ஒரே ஆளு கையில இருந்துச்சு, ஜி.ஏ. ஜேம்ஸ் ராத்னின்னு பேரு. மூணு பதவியும் ஒருத்தருக்கே வருதுன்னா கிளப் எந்த நிலைமைல இருந்துச்சுன்னு பாத்துக்கோங்க. பாங்க்ல காசு இருக்கு, ஆட ஆளு இல்ல. பிரிச்சு எடுத்துக்கலாம், விருந்து வச்சு தீத்துடலாம், அவரு அப்படி செய்யல. 1877 டிசம்பர்ல லண்டன் யூனியனுக்கு லெட்டர் எழுதினாரு, மிச்ச பணத்துல இந்திய வேலைப்பாடோட ஒரு கோப்பை செஞ்சு தர்றோம், ரக்பிக்கு நிலையா ஏதாவது உதவியா இருக்கட்டும், எங்க கிளப்புக்கும் ஒரு ஞாபகமா இருக்கட்டும்னு. பணத்த வெள்ளி ரூபாயாவே எடுத்து, 270 ரூபான்னு சொல்வாங்க, உருக்கி, நம்ம ஊரு ஆளுங்க கையால அடிச்ச கோப்பை தான் நீங்க பாத்தது. 1878ல கிளப் கலைஞ்சது, கோப்பை போய்ச் சேர்ந்தது.

இன்னொரு விஷயம், ராத்னி ஆசைப்பட்டது வேற. கால்பந்துல எஃப்ஏ கப் மாதிரி கிளப்புங்களுக்குள்ள வருஷா வருஷம் போட்டி நடத்தணும்னு தான் அவங்க சொன்னாங்க. கோப்பைக்காக கிளப்புங்க அடிச்சுக்கிறது கண்ணியமான ஆட்டத்துக்கு ஆகாதுன்னு யூனியன்காரங்க யோசிச்சு, இங்கிலாந்து ஸ்காட்லாந்து மேட்ச்சுக்கு வச்சுட்டாங்க. மொத மேட்ச் 1879 மார்ச் 10, உங்க ஊரு எடின்பரோல தான், ரேபர்ன் பிளேஸ் மைதானத்துல. ட்ரா ஆயிடுச்சு. மறு வருஷம் மான்செஸ்டர்ல இங்கிலாந்து ஜெயிச்சு தான் கோப்பைக்கு மொத சொந்தக்காரங்க ஆனாங்க.

உங்க கடைசி கேள்வி, நம்மாளுங்க ஆடினாங்களான்னு. இல்ல தம்பி. அது வெள்ளைக்காரங்களுக்கான கிளப்.

வெள்ளிக்காசு_மணி

பழைய மைதான் சார் அருமையா சொல்லிட்டாரு. நான் பழைய காசு சேக்குறவன், வெள்ளி பத்தி மட்டும் சொல்லிட்டு போறேன்.

அந்த காலத்து ரூபா ஒரு தோலா எடை, அதாவது 180 கிரெயின், நம்ம கணக்குல 11.66 கிராம். அதுல 12 பங்குல 11 பங்கு சுத்த வெள்ளி. 270 ரூபான்னா மொத்தம் சுமார் 3 கிலோ 150 கிராம் வருது, பவுன் எடையில சொன்னா 390 பவுனுக்கு மேல! சேதாரம் கொஞ்சம் போனாலும் ஒன்றரை அடி உயரத்துக்கு, சுமார் 45 சென்டிமீட்டர், ஒரு கோப்பை, மூணு பாம்பு, ஒரு யானை அடிக்க தாராளமா போதும். அப்ப புழக்கத்துல இருந்த காசுல விக்டோரியா ராணி தலை இருக்கும், 1877ல தான் 'ராணி'ங்கிற வார்த்தைய எடுத்துட்டு 'பேரரசி'ன்னு போட ஆரம்பிச்சாங்க, என்கிட்ட ரெண்டு மாதிரியும் இருக்கு. அந்த மூசைல உருகினதுல ரெண்டு தலையும் கலந்து போயிருக்கலாம்.

ஏன் காசையே உருக்கினாங்க, பணமா அனுப்பிருக்கலாமேன்னு எனக்கு ரொம்ப நாளா ஒரு யோசனை. இது என்னோட கணிப்பு தான். ஜெர்மனி 1870கள் ஆரம்பத்துல வெள்ளிய விட்டுட்டு தங்கத்துக்கு மாறினதும் உலகத்துல வெள்ளி விலை விழ ஆரம்பிச்சது, ரெண்டு ஷில்லிங்குக்கு கிட்டக்க இருந்த ரூபா அந்த பத்து வருஷத்துக்குள்ள மூணு நாலு பென்ஸ் இறங்கிடுச்சு. லண்டனுக்கு பணமா அனுப்பி அங்க கோப்பை வாங்கினா அவ்வளவும் நஷ்டம். இங்கயே காச உருக்கி இங்க உள்ள தட்டான் கிட்ட கூலி குடுத்து அடிச்சா வெள்ளி வெள்ளியாவே போகும், கூலியும் கம்மி, வேலைப்பாடும் அவங்க ஊர்ல கிடைக்காதது. மூணு வேலையையும் ஒத்த ஆளா பாத்த பொருளாளர் இந்த கணக்கு போடாம இருந்திருப்பாருன்னு எனக்கு தோணல.

எனக்கு இருக்கிற வருத்தம் வேற. அடியில மரப்பீடத்துல எல்லாம் எழுதியிருக்கு, கல்கத்தா கிளப் குடுத்தது, இங்கிலாந்து ஸ்காட்லாந்து வருஷா வருஷம் ஆடணும், 1878னு. சுத்தி ஒவ்வொரு வருஷமும் யார் ஜெயிச்சா, ரெண்டு கேப்டன் பேரும் வெட்டியிருக்கு, கோப்பை வர்றதுக்கு முன்னால 1871ல இருந்து நடந்த மேட்ச்ச கூட விடாம சேத்துட்டாங்க. அந்த நாகப்பாம்பு உடம்புல செதில் செதிலா உளி பிடிச்சவன் பேரு அதுல இல்ல. எங்க தாத்தா தட்டார் தெருவுல பட்டறை வச்சிருந்தவரு, அவரு செஞ்ச கொலுசு எத்தனையோ கால்ல ஓடியிருக்கும், அதுலயும் பேரு கிடையாது. அதனால தான் எனக்கு இது ரொம்ப உறுத்துது.

தாமிரபரணி

எல்லாம் சரி, ஆனா வருஷத்த பாத்தீங்களா யாராவது? 1876, 77, 78. நம்ம பக்கம் பாட்டிங்க தாது வருஷப் பஞ்சம்னு சொல்வாங்களே அந்த வருஷம். மெட்ராஸ் ராஜதானி, மைசூர், ஹைதராபாத், பம்பாய் தக்காணம் பூரா மழை பொய்த்து, 50 லட்சம் பேருக்கு மேல செத்தாங்க. சர் ரிச்சர்ட் டெம்பிள்னு ஒரு அதிகாரி, நிவாரண வேலைக்கு வர்றவனுக்கு ஒரு நாளைக்கு ஒரு ராத்தல் தானியம் போதும்னு கணக்கு போட்டாரு, ஒரு ராத்தல்னா அரை கிலோ கூட இல்ல, அதத் தின்னுட்டு நாள் பூரா மண்ணு வெட்டணும், மெட்ராஸ்ல சுகாதார அதிகாரியா இருந்த கார்னிஷ் இது ஆளக் கொல்லும்னு எதிர்த்து எழுதினாரு. பக்கிங்ஹாம் கால்வாய்ல பெரிய பகுதி அந்த பஞ்சத்துல வெட்டினது தான். அதே 1877 ஜனவரி 1ம் தேதி டெல்லில தர்பார் வச்சு விக்டோரியாவ பேரரசின்னு அறிவிச்சாங்க, மணி அண்ணன் சொன்ன காசு மாறினது அதனால தான்.

அந்த கிளப்காரங்க தான் பஞ்சத்துக்கு காரணம்னு நான் சொல்ல வரல. கல்கத்தா தலைநகரம், பஞ்சம் தெக்க. ஆனா அந்த கோப்பைய பாக்குறப்ப யானை நல்லா இருக்கு பாம்பு நல்லா இருக்குன்னு மட்டும் என்னால பாக்க முடியல. நீங்க அந்த பெரியவர்ட்ட கதை சொல்றப்ப இதையும் ஒரு வார்த்தை சொல்லுங்க, அவருக்கு தெரிஞ்சிருக்க வாய்ப்பு கம்மி.

பழைய_மைதான்

தாமிரபரணி, நீங்க சொன்னது சரி. நான் அத எழுதாம விட்டது தப்பு. எங்க ஆச்சி வீட்டுல சோறு கீழ சிந்தினா தாது வருஷத்த சொல்லித்தான் திட்டுவாங்க.

ஹௌரா_பாலம்

கல்கத்தால பிறந்து வளர்ந்த தமிழ் பொண்ணு நான், ஸ்கூல்ல பெங்காலி தான் படிச்சேன், தமிழ்ல பிழை இருந்தா மன்னிச்சுக்கோங்க. இந்த கதையோட அடுத்த பாதி எங்க ஊர்ல சின்ன பிள்ளைங்களுக்கும் தெரியும், அத சொல்லாம விட்டா மனசு கேக்காது.

அதே 1877ல நகேந்திர பிரசாத் சர்பாதிகாரின்னு ஒரு பையன், 1869ல பிறந்தவரு, அப்ப எட்டு வயசு. அப்பா பெரிய டாக்டர். அம்மா கூட வண்டில கங்கைக்கு குளிக்க போறப்ப மைதான்ல வெள்ளைக்காரங்க ஆடிட்டு இருந்தாங்க, கல்கத்தா எஃப்சி கிரவுண்ட்னு தான் எங்க ஊர்ல சொல்லுவாங்க. இவரு இறங்கி வேடிக்கை பாத்தாரு, பந்து உருண்டு இவர் கிட்ட வந்துச்சு, திருப்பி உதைச்சாரு. இந்தியாக்காரன் உதைச்ச மொத பந்து அதுதான்னு பெருமையா சொல்லுவாங்க, அது எவ்வளவு சரின்னு விடுங்க, அதுக்கு அப்புறம் நடந்தது தான் முக்கியம். அவரு ஹேர் ஸ்கூல்ல படிச்ச பையங்கள சேத்து காசு வசூல் பண்ணி கடைல போய் பந்து வாங்கிட்டு வந்தாரு. ஸ்கூல் மைதானத்துல உதைச்சா பந்து நேரா போக மாட்டேங்குது, கோணல் மாணலா துள்ளுது. பக்கத்து பிரெசிடென்சி காலேஜ் புரொபசர் ஸ்டாக் மாடில இருந்து பாத்துட்டு இறங்கி வந்து, நீங்க ஆடுறது என்ன ஆட்டம்னு கேட்டு, இது ரக்பி பந்துப்பான்னு சொல்லி, உருண்டை பந்து வாங்கிக் குடுத்து கால்பந்து சொல்லிக் குடுத்தாராம். பழைய மைதான் சார் எழுதினத படிச்சதும் தான் எனக்கு பொறி தட்டுச்சு, அந்த கிளப் அப்ப ஆடினதே ரக்பி தானே, அப்ப பையன் தப்பான பந்து வாங்கல, பாத்த பந்த தான் வாங்கியிருக்கான்! இத்தனை வருஷம் கேட்ட கதைல இது எனக்கு தோணவே இல்ல.

இன்னொண்ணு, சீக்கிரம் மூடின கிளப்னா எனக்கு உடனே ஞாபகம் வர்றது இவரோட வெல்லிங்டன் கிளப் தான். மொதல்ல பாய்ஸ் கிளப், அப்புறம் ஒண்ணு ரெண்டு சின்ன கிளப்புங்க, எல்லாத்தையும் சேத்து 1884 வாக்குல வெல்லிங்டன் கிளப் ஆரம்பிச்சாரு. பணக்கார வீட்டு, மேல்சாதி பையங்க நிறைய. அங்க மோனி தாஸ்னு ஒரு பையன சேக்க கூட்டிட்டு வந்தாரு, நல்லா ஆடுறவன், குயவர் வீட்டுப் பிள்ளை. மத்தவங்க முடியாதுன்னுட்டாங்க. இவரு என்ன பண்ணாரு தெரியுமா, அந்த பையன சமாதானம் பண்ணி திருப்பி அனுப்பல, கிளப்பையே கலைச்சுட்டாரு. தான் உருவாக்கின கிளப்ப. கலைச்சுட்டு ஷோபாபஜார் கிளப் ஆரம்பிச்சாரு, சாதி பாக்காம சேத்தாங்க, மொத ஆளுங்கள்ல மோனி தாஸும் ஒருத்தர். அந்த ஷோபாபஜார் கிளப் தான் 1892ல ட்ரேட்ஸ் கப்ல கிழக்கு சர்ரே ரெஜிமென்ட்ட 2-1னு ஜெயிச்சது, வெள்ளைக்கார பட்டாளத்து டீம நம்மாளுங்க கோப்பை போட்டில ஜெயிச்ச பெரிய ஜெயம். எங்க ஊரு மோகன் பகான் கிளப் 1911ல ஐஎஃப்ஏ ஷீல்டு கால்பந்து ஃபைனல்ல கிழக்கு யார்க்ஷயர் ரெஜிமென்ட்ட அதே 2-1ல ஜெயிச்சதுக்கு 19 வருஷம் முன்னாடி. எல்லாரும் 1911 பேசுவாங்க, 1892 பேச மாட்டாங்க.

கல்கத்தா ஃபுட்பால் கிளப், வெல்லிங்டன் கிளப், ரெண்டுமே ரொம்ப வருஷம் நிக்கல. ஒண்ணு ஊத்திக் குடுத்தத நிறுத்தினதும் போச்சு, ஒண்ணு ஒரு குயவன் வீட்டுப் பையனுக்காக போச்சு. எனக்கு ரெண்டாவது தான் பெருசு, கோவிச்சுக்காதீங்க எடின்பரோ அண்ணா.

எடின்பரோ_திண்டுக்கல்காரன்

கோவமா! நான் இத மூணு தடவை படிச்சேன்மா. பந்து விஷயம் நீங்க சொன்னது புல்லரிச்சு போச்சு.

இன்னும் ரெண்டு சந்தேகம் இருக்கு. ஒண்ணு, அந்த பழைய கிளப்போட தொடர்ச்சி இப்ப ஏதாவது இருக்கா? இன்னொண்ணு, நான் பாத்த கோப்பை அதே பழைய வெள்ளி தானா? இங்க ஒருத்தன் அது ஒரிஜினல் இல்லங்கிறான்.

பழைய_மைதான்

கல்கத்தால ரக்பி சாகல தம்பி. 1884ல கல்கத்தா கிரிக்கெட் கிளப்காரங்க மறுபடி ரக்பிய கொண்டு வந்தாங்க, 1890ல உள்ளூர் கிளப்புங்களுக்குன்னு ஒரு கோப்பையும் வச்சாங்க, அதையும் ஜனங்க கல்கத்தா கப்னு தான் கூப்பிட்டாங்க. அதாவது ராத்னி லண்டன்ல கேட்டு கிடைக்காத கிளப் போட்டி, அவரு கிளப் மூடின ஊர்லயே நடந்துச்சு. 1965ல கிரிக்கெட் கிளப்பும், பின்னால அதே பேர்ல திரும்ப வந்த கல்கத்தா ஃபுட்பால் கிளப்பும் சேர்ந்து ஒண்ணாச்சு, சிசிஎஃப்சின்னு குருசதய் ரோட்டுல இன்னிக்கும் இருக்கு, கிரிக்கெட் பக்கம் 1792ல இருந்து வர்றதா கணக்கு. இப்ப நிலைமை என்னன்னா, ஜங்கிள் க்ரோஸ்னு ஒரு அமைப்பு இருக்கு, வசதி இல்லாத வீட்டுப் பிள்ளைங்களுக்கு ரக்பி சொல்லித் தர்றாங்க, காலைல நடக்கப் போறப்ப மைதான்ல சேத்துல புரண்டுட்டு அந்த கோணப் பந்த தூக்கிட்டு ஓடுற பிள்ளைங்கள நிறைய பாத்திருக்கேன், பெண் பிள்ளைங்களும் உண்டு.

கோப்பை விஷயம். பழைய கோப்பை ரொம்ப நொய்ஞ்சு போச்சு, இப்பல்லாம் அத ஊர் ஊரா கொண்டு போறதில்ல, ரெண்டு நாட்டுக்காரங்க கிட்டயும் அச்சு அசலா நகல் இருக்கு. நொய்ஞ்சதுக்கு வயசு மட்டும் காரணம் இல்ல. 1988ல மேட்ச் முடிஞ்ச ராத்திரி, இங்கிலாந்து ஆட்டக்காரர் டீன் ரிச்சர்ட்ஸும் ஸ்காட்லாந்து ஆட்டக்காரர் ஜான் ஜெஃப்ரியும் குடிச்சிட்டு அத வெளிய தூக்கிட்டு போய், உங்க ஊரு பிரின்சஸ் தெருவுல பந்து மாதிரி உதைச்சு விளையாடிட்டாங்க. நசுங்கிப் போய் வந்துச்சு. ஸ்காட்லாந்து அவங்க ஆளுக்கு ஆறு மாசம் தடை போட்டுச்சு, இங்கிலாந்து பேருக்கு ஒரு சின்ன தண்டனையோட விட்டுடுச்சு. அந்த ஆறு மாசம் தான் சரின்னு எனக்கு படுது.

வெள்ளிக்காசு_மணி

இத இன்னிக்கு தான் கேக்குறேன். 3 கிலோ வெள்ளி வேலைப்பாட்ட தார் ரோட்டுல உதைச்சாங்களா? மெலிசா அடிச்ச வெள்ளித் தகடு ஒரு தடவை நசுங்கினா தட்டி நிமித்தலாம், ஆனா மடிப்பு விழுந்த இடம் பழைய பலத்துக்கு வராது, செதுக்கு வேலை இருந்தா அந்த கோடெல்லாம் தேய்ஞ்சு போகும். மனசே ஆறல.

எடின்பரோ_திண்டுக்கல்காரன்

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. ஒண்ணு சொல்லணும். மைதான் சார் மொத பதில்ல ரேபர்ன் பிளேஸ்னு எழுதினாரே, அத படிச்சுட்டு மேப்ல தேடிப் பாத்தேன். நான் தினம் காய்கறி வாங்கப் போற தெரு அது! மைதானத்து சுவரு ஓரமா தான் ரெண்டு வருஷமா பையத் தூக்கிட்டு நடந்துட்டு இருக்கேன், உள்ள எட்டிப் பாத்தது கூட இல்ல. இன்னிக்கு சாயங்காலம் போய் கொஞ்ச நேரம் நின்னுட்டு வந்தேன். ஸ்கூல் பையங்க பயிற்சி பண்ணிட்டு இருந்தாங்க, மழை தூறிட்டு இருந்துச்சு, ஒரு பந்து வெளிய என் பக்கம் வந்துச்சு, எடுத்து குடுத்தேன்.

அந்த பெரியவர் ஞாயித்துக்கிழமை வரச் சொல்லியிருக்காரு. ராத்னி, வெள்ளி ரூபா, தாது வருஷம், மோனி தாஸ் எல்லாத்தையும் ஒரு தாள்ல எழுதி வச்சிருக்கேன். ஹௌரா தங்கச்சி, சர்பாதிகாரிங்கிற பேர எப்படி உச்சரிக்கணும்னு ஒரு வாய்ஸ் மெசேஜ் மட்டும் போடும்மா, அவர்கிட்ட தப்பா சொல்லிடக்கூடாது.